நவம்பர் 1 கிராம சபையில ஊராட்சிப் பணியாளர்களைப் பாராட்டணுமா? எதுக்குங்கிறவங்களும் வாங்க

தாமிரபரணிக்கரையான்:
எங்க ஊரு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி. மூவாயிரத்துக்குள்ளதான் ஜனம். உள்ளாட்சி நாள் கிராம சபை வருது. அன்னைக்கு நல்லா வேலை பாத்த பணியாளர்களைக் கௌரவிக்கிற வழக்கம் இருக்கு. எங்க ஊர்ல அது எப்படி நடக்கும்னா, மேடையில உக்காந்திருக்கவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் துண்டு போட்டுக்கிடுவாங்க. தூய்மைக் காவலர் அக்காமாரு பந்தக்காலுக்குப் பின்னால நின்னு கைதட்டுவாங்க.

இந்தத் தடவை ஊர்க்காரங்க நாங்களே நாலு பேரைப் பாராட்டலாம்னு நினைக்கோம். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர் ரெண்டு பேர், ஊராட்சிச் செயலர்.

காரணம் சொல்லுதேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கிட்டு நூத்துக்கணக்கான பேர் தவிச்சதும், புதுக்குடி ஜனங்க அவங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டதும் பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. வரவேண்டியதுதான். அதே வாரம் எங்க ஊர்ல ஆத்துக்குள்ள இருந்த உறைகிணத்து மோட்டார் மணலுக்குள்ள போயிட்டு. கரண்டு கிடையாது. ஆபரேட்டர் வீட்டுக்குள்ளயே இடுப்பளவு தண்ணி. அந்த மனுசன் பந்தக்காரர்கிட்ட ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி, ஊருக்குள்ள கிடந்த பழைய ஆழ்துளைக் கிணத்துல மாட்டி, தொட்டிக்கு ஏத்தி, குளோரின் போட்டு, தெருவுக்குத் தெரு முறை வச்சு விட்டாரு. அவரு பேரு எந்தப் பேப்பர்லயும் வரலை.

இன்னொண்ணு. 2025 ஜனவரியோட எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சுட்டு. 28 மாவட்டத்துல தலைவர் இடத்துல அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. ஆனா காலையில குழாய்ல தண்ணி வருது, தெரு விளக்கு எரியுது. யார் செய்யுதா?

வரிகட்டும்_வாசு:
சம்பளம் வாங்குறாங்க, வேலை செய்யுறாங்க. இதுல பாராட்ட என்ன இருக்கு? என்னை யாராவது கூப்பிட்டு "வாசு, மாசாமாசம் ஒழுங்கா ஜிஎஸ்டி கட்டுறே, வா, பொன்னாடை போடுறோம்"னு சொன்னாங்களா?

எங்கப்பா இறந்தப்புறம் வீட்டு வரியை அம்மா பேருக்கு மாத்தப் போனேன். எந்த ஊரு, எந்த ஆபீசுன்னு சொல்ல விரும்பலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் எல்லாம் கையில இருந்துச்சு. "அதெல்லாம் சரிதான் சார், கவனிச்சுட்டுப் போங்க"ன்னு ஒரு பதில். கவனிக்காததால மாசக்கணக்குல அலைஞ்சேன். நீங்க செயலரையும் பட்டியல்ல சேத்திருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உறுத்துது.

எட்டயபுரத்தான்:
வாசு அண்ணே, பேனா பிடிக்கிறவங்க மேல இருக்கிற கோவத்தை விளக்குமாறு பிடிக்கிறவங்க மேல இறக்காதீங்க. கிராம ஊராட்சித் தூய்மைக் காவலருக்கு மாசம் எவ்வளவு தெரியுமா? 3,600 ரூபாயா இருந்ததை 2023லதான் 5,000 ஆக்குனாங்க. அதுக்கு 150 வீட்டுக்கு ஒருத்தர்னு கணக்கு. வீடு வீடாப் போயி மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிச்சு வாங்கணும், உரக்குழியில போடணும். நாம எங்க பிரிச்சுக் குடுக்குறோம்? மீன் செதிலும் டயப்பரும் ஒரே கவர்ல. அவங்க கையை விட்டுத்தான் பிரிக்குறாங்க.

"சம்பளம் வாங்குறாங்க"ங்கிற பேச்சு அம்பதாயிரம் வாங்குறவங்ககிட்ட பேசுற பேச்சு.

ரிப்பன்_வாசல்:
சென்னையிலேர்ந்து எழுதுறேன். எட்டயபுரத்தார் சொன்ன அந்த அஞ்சாயிரம்தான் என் எதிர்ப்புக்கே காரணம். பாராட்டுறது எப்பவுமே குடுக்க வேண்டியதைக் குடுக்காம இருக்கிறதுக்கு ஒரு வழியாத்தான் இருந்திருக்கு.

2019 பிப்ரவரியில கும்பமேளாவுல பிரதமர் அஞ்சு தூய்மைப் பணியாளர்களோட காலைக் கழுவினார். நாடே பார்த்துச்சு. அடுத்த வருஷம் கொரோனா வந்தப்போ மார்ச் 22 சாயங்காலம் எல்லாரும் மாடியில நின்னு தட்டைத் தட்டினோம். சாக்கடைக்குள்ள இறங்கிச் சாகுறது அதோட நின்னுச்சா? மனுஷங்களை அதுக்குள்ள இறக்கக் கூடாதுன்னு 2013லயே தடைச் சட்டம் வந்தாச்சு. 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் செத்தவங்க குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலேர்ந்து 30 லட்சமா ஏத்துச்சு. சாவு நிக்காததாலதான் தொகையை ஏத்த வேண்டி வந்துச்சு.

2025 ஆகஸ்ட்டைப் பாருங்க. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து அந்தப் பணியாளர்கள் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்க. பாதிப் பேருக்கு மேல பெண்கள். 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் அள்ளிக்கிட்டுப் போச்சு. மறுநாள் அமைச்சரவை கூடி, காலைச் சிற்றுண்டி உட்பட நலத்திட்டங்களை அறிவிச்சாங்க. அவங்க கேட்டது வேலைப் பாதுகாப்பு. கிடைச்சது இட்லி. இட்லி வேண்டாம்னு சொல்லலை, நல்லதுதான். ஆனா கேட்டது அது இல்லை.

உங்க பொன்னாடையும் அந்த வரிசையிலதான் வரும். மன்னிக்கணும்.

தாமிரபரணிக்கரையான்:
ரிப்பன் சார், ஒரு கேள்வி. நாங்க நாலு தெரு ஜனம். எங்க கையில அமைச்சரவை கிடையாது. 5,000ஐ 15,000 ஆக்க எங்களால முடியாது. முடியாதுங்கிறதுக்காக வாயைத் திறந்து "நல்லா செஞ்சீய"ன்னு சொல்லவும் கூடாதா? அரசாங்கம் பாராட்டிட்டு ஏமாத்துறதும், தண்ணி குடிச்ச வீட்டுக்காரன் பாராட்டுறதும் ஒண்ணா?

ரிப்பன்_வாசல்:
ஒண்ணு இல்லை. ஆனா போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் போட்டோவை யார் எடுத்து எங்க போடுவாங்கங்கிறதுதான் என் பயம்.

கொங்கு_மலர்விழி:
எனக்கு வேற ஒரு பயம். யார் யாருக்குப் பொன்னாடை போடப்போறாங்க? தூய்மைக் காவலர் பெரும்பாலும் எந்தச் சமூகம்னு இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுத மாட்டேங்கறீங்க. தேர்ந்தெடுத்த தலைவரே பட்டியல் சமூகமா இருந்தா கொடியேத்த விடாத ஊரு இருக்குதுங்க. அதுக்காக 2022 ஆகஸ்ட்ல தலைமைச் செயலாளர் எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல ரெண்டு நிமிஷம் மேடையேத்திட்டு மறுநாள் டீக்கடையில பழைய டம்ளர்னா, அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம்?

கரையான் அண்ணா, உங்க ஊர்ல கிராம சபை நடக்கறப்போ அந்த அக்காக்களுக்குச் சேர் உண்டுங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

தாமிரபரணிக்கரையான்:
நல்ல கேள்வி மலர்விழி. சேர் உண்டு. ஆனா அவங்க உக்கார மாட்டாங்க. ஏன் உக்கார மாட்டாங்கன்னு நீங்க கேட்பீங்க. பதில் உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை முன்வரிசையில நாலு சேர் அவங்களுக்குன்னு போட்டு, மத்தவங்க வரதுக்கு முன்னாலயே கூட்டிட்டு வந்து உக்கார வைக்கணும்னு எங்க வீட்டுல சொல்லுதா. அவதான் சுய உதவிக் குழுவுல இருக்கா. அந்த அக்காமாரு அவ சொன்னாக் கேப்பாங்க.

ஓய்வுபெற்ற_ஒன்றியத்தான்:
ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாராட்டு விழா என்றதும் கொஞ்சம் உள்விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் விதி. அரசு ஊழியருக்குப் பொதுமக்கள் விழா எடுத்து வாழ்த்து மடல் வாசித்துக் கொடுப்பதை நடத்தை விதிகள் சும்மா விடுவதில்லை. முன் அனுமதி வேண்டும். பணி மாறுதல், ஓய்வு போன்ற சமயத்தில் ஆடம்பரமில்லாத பிரிவு உபசாரத்துக்கு மட்டும் தளர்வு உண்டு. ஏன் இந்த விதி என்று வாசு தம்பிக்குச் சொல்லவே வேண்டாம்: இன்று பொன்னாடை, நாளை மோதிரம், மறுநாள் கட்டட அனுமதி. ஆகவே செயலருக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பணமாகவோ பொருளாகவோ எதுவும் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், மதிப்பூதியத்தில் இருக்கும் தூய்மைக் காவலருக்கு இந்த விதியின் தொந்தரவு இல்லை. அந்த விதியோடு வருகிற உரிமைகளும் இல்லை. பணிப்பதிவேடு கிடையாது, பதவி உயர்வு கிடையாது. பத்து வருடம் ஒருவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கும் இருக்காது. நாளை ஒரு புதுத் தலைவர் வந்து "நீ வேண்டாம், என் ஆளைப் போடுகிறேன்" என்றால் அந்த அம்மா எதைக் காட்டுவார்? நான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை இல்லை.

ஆகவே என் யோசனை: பொன்னாடை இரண்டாம் பட்சம். கிராம சபைத் தீர்மானமாக எழுதுங்கள். பெயர், செய்த வேலை, தேதி. "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் அதற்கு மதிப்பு கிடையாது, அப்படி ஆயிரம் காகிதம் பார்த்தாயிற்று. "2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் இல்லாதபோது மாற்று ஏற்பாட்டில் குடிநீர் வழங்கினார்" என்று எழுதினால் அது ஆவணம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் யாராலும் கிழித்துப் போட முடியாது.

தொட்டி ஆபரேட்டர் விஷயத்தில் இன்னொன்று. மேல்நிலைத் தொட்டியை மாதம் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவ வேண்டும் என்பது நடைமுறை. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே பெயிண்டில் எழுத வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், அதைச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பல ஊர்களில் தொட்டியே ஏறாமல் தேதி மட்டும் மாறும். உங்கள் ஆபரேட்டர் உண்மையிலேயே ஏறிக் கழுவுகிறவராக இருந்தால் அதையும் தீர்மானத்தில் சேருங்கள். பக்கத்து ஊராட்சிக்காரன் வாசித்துவிட்டுத் தன் தொட்டியை அண்ணாந்து பார்ப்பான்.

எட்டயபுரத்தான்:
ஐயா சொன்னதுக்கு அப்புறந்தான் எங்க ஊரு தொட்டியைப் போயிப் பாத்தேன். போன வருஷத் தேதி இருக்கு. அதுவும் பாதி அழிஞ்சு.

வரிகட்டும்_வாசு:
ஒன்றியத்தார் ஐயா, உங்க பேச்சுல நியாயம் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை நைசா நகத்திட்டீங்க. நல்ல ஊழியரைப் பாராட்டுனா மத்தவங்க திருந்துவாங்கன்னு எல்லாரும் நம்புறீங்க. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. திருத்துறது முறைதான்.

உதாரணம் சொல்றேன். கர்நாடகத்துல சகாலான்னு சேவை உரிமைச் சட்டம், 2011லயே கொண்டு வந்தாங்க. குறிச்ச நாளுக்குள்ள சான்று தரலைன்னா தாமதமாகுற ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 500 வரைக்கும் விண்ணப்பிச்சவர் இழப்பீடு கேக்கலாம். தொகை சின்னதுதான். ஆனா தாமதம் ஊழியர் பேருல ஏறும். மத்தியப் பிரதேசம் அதுக்கும் முன்னால, 2010ல. நம்ம ஊர்லயே பாருங்க, 2024 ஜூலையில சுயசான்று முறையில கட்டட அனுமதி வந்துச்சு. 2,500 சதுர அடி மனைக்குள்ள 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைன்ல போட்டா உடனே அனுமதி. எந்த மேஜைக்கும் போக வேண்டாம். என் மச்சான் அதுல வாங்கினான். யாரையும் கவனிக்கலை, யாருக்கும் நன்றி சொல்லலை. எனக்கு வேண்டியது அந்த மாதிரி ஒரு அரசாங்கம். நன்றி சொல்ல வேண்டிய அவசியமே வராத அரசாங்கம்.

கொங்கு_மலர்விழி:
வாசு அண்ணா, நீங்க சொல்றது காகிதத்துக்குச் சரி. ஜெனரேட்டர் தூக்கிட்டு வந்தது எந்த ஆன்லைன்லங்க வரும்?

நன்றி சொல்றதுக்கும் ஒரு பலன் இருக்குது. எங்க நகராட்சியில என் பொண்ணோட பிறப்புச் சான்றுல பேர் ஏத்தப் போனேன். பேர் இல்லாம பதிவு பண்ணியிருந்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள இலவசம், அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் ஏத்தலாம். அங்கிருந்த பொண்ணு, "அக்கா, பேருக்கு முன்னாடி இனிஷியல் எப்படி வரணும்னு இப்பவே யோசிச்சுச் சொல்லுங்க, பாஸ்போர்ட் எடுக்கறப்போ இதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க"ன்னு சொல்லி, நான் தப்பா எழுதிக் குடுத்த பாரத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. அது அவங்க வேலை இல்லை. வாங்கி முத்திரை குத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நான் கமிஷனருக்கு அரைப் பக்கம் எழுதிப் போட்டேன். ரொம்ப நாள் கழிச்சு வேற வேலையாப் போனப்போ அந்தப் பொண்ணு சொன்னாங்க, "இந்த செக்ஷனுக்கு வர்ற கடுதாசி எல்லாம் புகார்தாங்க்கா, உங்களுதுதான் வேற மாதிரி இருந்துச்சு"ன்னு.

வரிகட்டும்_வாசு:
உங்க அதிர்ஷ்டம்.

ரிப்பன்_வாசல்:
மலர்விழி எழுதின கடிதத்துக்கும் கரையான் சொல்ற விழாவுக்கும் வித்தியாசம் இருக்கு. கடிதத்தால கஷ்டப்பட்டது எழுதினவர். விழாவுல வெயில்ல நிக்கப்போறது பாராட்டப்படுறவங்க. காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்ச வேலையை முடிச்சுட்டு, பதினோரு மணிக்குக் குளிச்சு, சேலை மாத்தி வரணும். அன்னைக்கு அரை நாள் லீவு குடுப்பீங்களா?

தீர்மானம்னா சரி, அதை நான் எதிர்க்கலை. ஆனா ஒன்றியத்தார் ஐயா, அதே தீர்மானத்துல "மாதம் 5ஆம் தேதிக்குள் மதிப்பூதியம் வழங்க வேண்டும், கையுறை, காலணி வழங்கிய தேதியை அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும்"னு சேர்க்க முடியுமா? இது இல்லாத பாராட்டுக்கு நான் கைதட்ட மாட்டேன்.

ஓய்வுபெற்ற_ஒன்றியத்தான்:
தாராளமாகச் சேர்க்கலாம். மதிப்பூதியத்தின் அளவை கிராம சபை தீர்மானிக்க முடியாது, அது அரசின் கையில். ஆனால் நேரத்துக்குக் கொடு என்று கேட்பதும், கையுறை வாங்கிய பில்லைக் காட்டு என்று கேட்பதும் சபையின் உரிமை. வரவு செலவை அங்கே வாசித்துத்தான் ஆக வேண்டும்.

கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள் எண்ணிக்கை, முக்கியம். 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டுக் கலைந்து போகிற நூறு பேர் இல்லை, உட்கார்ந்திருக்கிற நூறு பேர்.

செயலரைப் பற்றி வாசு தம்பி கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். தலைவர் இல்லாத இந்த மாதங்களில் ஒரு தனி அலுவலர் தலையில் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளும் விழுகின்றன. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், நூறு நாள் வேலை, கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல், வாரத்துக்கு நாலு ஆய்வுக் கூட்டம், ராத்திரி வாட்ஸப் குழுவில் "உடனே அனுப்பு" என்று ஒரு படிவம். எல்லாம் கடைசியில் செயலரிடம் வந்து நிற்கும். நல்ல செயலர் இருக்கிற ஊரில் மக்களுக்கு இது எதுவும் தெரியாது.

வரிகட்டும்_வாசு:
கெட்ட செயலர் இருக்கிற ஊர்லயும் தெரியாது ஐயா. அதுதான் சிக்கலே.

தாமிரபரணிக்கரையான்:
சரி, எல்லாரும் சொன்னதை வச்சு எழுதிப் பாத்தேன். திருத்தம் இருந்தாச் சொல்லுங்க:

"2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மின்சாரம் தடைபட்ட நாட்களில் ஜெனரேட்டர் மூலம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீரேற்றி, குளோரின் கலந்து அனைத்துத் தெருக்களுக்கும் முறைவைத்துக் குடிநீர் வழங்கியதற்காகவும், தொட்டியை மாதந்தோறும் 5, 20 தேதிகளில் தவறாமல் சுத்தம் செய்துவருவதற்காகவும் தொட்டி இயக்குபவருக்கு இச்சபை நன்றி தெரிவிக்கிறது. வெள்ளம் வடிந்தபின் தெருக்களில் சேர்ந்த சேற்றையும் இறந்த கால்நடைகளையும் அகற்றி நோய் பரவாமல் காத்த தூய்மைக் காவலர் இருவருக்கும் இச்சபை நன்றி தெரிவிக்கிறது. அவர்களுக்கு மாதம் 5ஆம் தேதிக்குள் மதிப்பூதியம் கிடைக்கவும், கையுறை, காலணி வழங்கிய விவரம் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்படவும் தீர்மானிக்கப்படுகிறது. நிவாரணக் கணக்கெடுப்பில் விடுபட்ட வீடுகளை மறுபடி சென்று சேர்த்த ஊராட்சிச் செயலருக்கும் நன்றி தெரிவிக்கப்படுகிறது."

பேரு ஊர்ல எழுதிக்கிடுவோம். பொன்னாடை கிடையாது. அதுக்கு வச்சிருந்த காசுல எல்லாருக்கும் டீ, வடை.

கொங்கு_மலர்விழி:
செத்த மாட்டை எடுத்தது அவங்கதான்னு நீங்க முதல் பதிவுல சொல்லவே இல்லீங்களே அண்ணா. ஆபரேட்டர் கதை மட்டும் அவ்வளவு நீளமா வந்துச்சு.

தாமிரபரணிக்கரையான்:
ஆமா.

ரிப்பன்_வாசல்:
அந்த வரியை முதல்ல கொண்டு வாங்க. ஆபரேட்டர் ரெண்டாவது. மத்தபடி எனக்குச் சம்மதம். போட்டோ எடுத்தா அந்த அக்காக்கள் கையில தீர்மான நகல் இருக்கட்டும்.

வரிகட்டும்_வாசு:
கடைசி வாக்கியத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்குங்க. செயலரைப் பத்தி ஊர்ல யாருக்காவது குறை இருந்தா முதல்ல அதைக் கேளுங்க. கேட்ட பின்னாடியும் நன்றி சொல்லணும்னு நூறு பேர் கை தூக்கினா எழுதுங்க.

தாமிரபரணிக்கரையான்:
செயலர் பேரை எடுக்க மாட்டேன் வாசு அண்ணாச்சி, விடுபட்ட வீட்டுல எங்க பெரியம்மா வீடும் ஒண்ணு. ஆனா குறை கேக்கச் சொன்னது சரி. வரவு செலவு வாசிச்சு முடிச்சதும் கேப்போம், அப்புறந்தான் தீர்மானம். நீங்களும் வாங்களேன், நேர்ல எதிர்க்கலாம்.

வரிகட்டும்_வாசு:
நான் உங்க ஊரு வாக்காளர் இல்லையே.

ஓய்வுபெற்ற_ஒன்றியத்தான்:
பார்வையாளராக உட்காரலாம் தம்பி. கை தூக்கக் கூடாது, வடை சாப்பிடலாம்.